சிவப்புத் துணி மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

வீதியோரம் நிற்கும் பொலிஸ், அம்புலன்ஸ் போன்ற அவசர சேவை வாகனங்களைக் கடப்பவர்கள் ஒதுங்கிப் போக வேண்டும் அல்லது வேகம் குறைக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இருப்பதாக உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். அப்படியொன்று எங்கள் ஏ9 வீதியோரம் வேலை செய்பவர்களுக்கும் வேண்டும். வன்னிக்குள் பாதை நேராகக் கிடப்பதால் எல்லோரும் பறக்கிறார்கள். மாங்குளத்துக்குக் கிட்ட வீதியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்குத் தடியில் கட்டிய சிவப்புத் துணிதான் காவல், ஒரு சொகுசு பஸ் போன வேகத்தில் அதுவும் சரிந்து விழுந்தது (ஹோர்ன் அடிக்க மட்டும் சாரதி மறக்கவில்லை).

ஒளிரும் மேலங்கியையும் 200 மீற்றருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைப்பதையும் வேலை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கலாம். அந்த இடத்தில் வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்டினால் பொலிஸார் அங்கேயே தண்டம் எழுதட்டும், அறுவடைக் காலத்தில் வீதிக்கரையில் நெல் காயவிடுபவர்களுக்கும் சேர்த்து.

வாசகர்,
கிளிநொச்சி