தயிர்ச் சட்டியும் தம்பியின் காலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "குடலைச் சுத்தமாக வைத்திருப்பவரை நரம்பு நோய் அண்டாது, தயிரும் மோரும் போதும்" என்று ஒரு வரி. என் தம்பி அதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தான். அன்று முழுவதும் பேசவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவனுக்கு வந்தது கில்லன் பாரே நோய்; உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைப் பலவீனமாக்கும் நோய் அது. எங்கள் வீட்டில் சட்டித் தயிர் இல்லாத நாளே கிடையாது. வயிற்றோட்டம் நின்று பத்தாம் நாள், படி இறங்கும்போது அவன் காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது. கழன்றதே அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் சட்டைப் பொத்தான் போட விரல் வளையவில்லை. முதலில் காட்டிய இடத்தில் விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு கண்டிக்கு அம்புலன்ஸில் போகையில், கந்தளாய் தாண்டும்வரை அவன் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கம்பைலோபக்டர் என்ற பக்டீரியா சரியாக வேகாத கோழி இறைச்சியிலிருந்து தொற்றி வயிற்றோட்டத்தைத் தரக்கூடியது. அதன் மேலுறையில் உள்ள சில கூறுகள் நம் நரம்பில் இருப்பவற்றைப் போலவே இருப்பதால், கிருமியைத் தாக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் நரம்பையும் தாக்கிவிடுகிறது. இது உங்களுக்குத் தெரியாததா? கிருமி தொற்றியவனைக் குற்றவாளி ஆக்கலாமா?

குடலுக்கும் நரம்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் குடல் பக்டீரியாவை 2017இல் மரபணு மாற்றிய எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றில் நோய் கூடுதலாகத் தோன்றியது உண்மைதான். எலியில் கண்டதை மனிதருக்குச் சிகிச்சையாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? என் தம்பியை எழுந்து நடக்க வைத்தது ஐந்து நாள் ஏற்றிய இம்யூனோகுளோபுலின் என்ற, பிறர் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து. நோய் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அது கிடைக்க வேண்டும். அந்த நாட்களைத் தயிர்ச் சட்டியோடு ஒருவர் கழித்துவிட்டால் யார் பொறுப்பு?

டெங்குக் காலத்தில் பப்பாசி இலைச் சாற்றுக்கு அரைப்பக்கம் ஒதுக்கினீர்கள். அப்போதும் எழுதினேன், பிரசுரிக்கவில்லை. திருகோணமலை என்றால் உங்களுக்கு நிலாவெளிக் கடற்கரைப் படம்தான். நோயாளியோடு நள்ளிரவில் ஊர் தாண்டி ஓடும் எங்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். காலில் தொடங்கிய பலவீனம் மேலே ஏறினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைத் தம்பியிடம் நானே கொடுப்பேன்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகி,
திருகோணமலை.