காற்று நின்றாலும் வெளியே வராதே

சைதாப்பேட்டை
8.12.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் அத்தை வீட்டில் தண்ணீர் புகுந்து பாத்திரம் பண்டமெல்லாம் சேறு. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது என்றால் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் எப்படித் தப்பும்? நேற்றுதான் அத்தையிடம் பேச முடிந்தது. முதலில் உன்னைத்தான் விசாரித்தாள்.

எதிர் வீட்டுப் பையன் போனில் உன் படத்தைக் காட்டினான். பட்டினப்பாக்கம், நவம்பர் 30 என்று கீழே போட்டிருந்தது. தேதியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குப் பதினோரு மணிக்கு நான் போன் செய்தபோது புனேவில் நல்ல வெயில் என்று சொன்னாய். மதியம் இங்கே விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். அம்மா அன்றைக்கு மிளகு ரசம் வைத்து அப்பளம் சுட்டிருந்தாள். அந்தப் படத்தை அவளுக்கு நான் காட்டவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. பையனின் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தேன். ஃபைபர் படகை மேட்டுக்கு இழுக்கிறார்கள். ஒருவர் நிமிர்ந்து நின்று கயிற்றைத் தோளில் போட்டுப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அலை எழுந்து நிற்கிறது, இன்னும் உடையவில்லை. அந்த நொடியை எப்படிப் பிடித்தாயோ. ஆனால் நான் பார்த்தது அலையை இல்லை. அலைக்கு இரண்டு பக்கமும் மங்கலாகத் தெரிகிற அடிவானத்தை. அந்தக் கோடு அவர் இடுப்புக்கு நேராகப் போகிறது. கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் அடிவானம் விழும். நீ நின்று எடுத்திருந்தால் அது அவர் கழுத்துக்கு வந்திருக்க வேண்டும். நீ முட்டி போட்டிருக்கிறாய். அதுவும் அவர் நிற்கிற அதே ஈர மணலில். லென்ஸின் இடது மூலையில் உப்புத்துளி வேறு. காற்று கடலிலிருந்து நேரே உன் முகத்தில் அடித்திருக்கிறது.

முட்டி போட்டவள் எழுந்து திரும்பி ஓடுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும் அம்மா. அது வந்து தள்ளுவதைவிடத் திரும்பிப் போகும்போது இழுக்கும் இழுப்புதான் ஆளை வாரிக்கொண்டு போகும். அந்தக் கரையில் சரிவு அதிகம். உடைந்த பாலத்துப் பக்கமும் போகாதே, 1977இலேயே இடிந்துபோன பாலம் அது, மிச்சம் நிற்பதை நம்பி எவனும் ஏறக் கூடாது. இடி மின்னல் இருக்கும்போது வெட்டவெளி மணலில் ஸ்டாண்டை நட்டுவைத்துக்கொண்டு நிற்காதே. தெருவில் தண்ணீர் நின்றால் அதில் கால் வைக்காதே, அறுந்த வயர் கிடக்கும். எல்லாவற்றையும்விட, காற்று நின்றுவிட்டது என்று வெளியே வராதே.

வர்தா புயல் அன்று நான் துறைமுகத்தில் டூட்டி. 2016 டிசம்பர் 12. காலையிலிருந்து வாடையாக அடித்துக்கொண்டிருந்த காற்று மதியத்துக்கு மேல் சட்டென்று அடங்கியது. புயலின் கண் எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட வேலை பார்த்தவர் தன் வண்டி விழுந்துவிட்டதா என்று பார்க்க இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து கிளம்பியது பார், தகரம் பறந்து வந்து அவர் தோள்பட்டையைக் கிழித்தது. பாதிப் புயல்தான் போயிருக்கும், மீதி தெற்கேயிருந்து வரும். அதனால் காற்று நின்றால் வெளியே வராதே.

சின்ன வயதில் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களை நீ வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாய். 1, 2 தூரப் புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கு எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 வந்ததும் குரலைத் தாழ்த்தி, "வானிலை மையத்தோடு தொடர்பே இல்லை" என்பாய். என் சர்வீஸில் ஒரு தடவைகூட நான் 11 ஏற்றியதில்லை. உன்னை மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. மாண்டஸ் புயல் சமயம் நீ எடுத்த மெரினா மரப்பாதைப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பாதை, பலகை பலகையாகப் பெயர்ந்து கிடந்ததே, அந்தப் படம். யார் வந்தாலும் "என் பெண் எடுத்தது" என்று சொல்கிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை. உன்னிடம் "இதெல்லாம் ஒரு பிழைப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பச்சைப் பெட்டி விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2012 நிலம் புயலில் பிரதிபா காவேரி கப்பல் பெசன்ட் நகரில் வந்து தரைதட்டியபோது நீ பத்தாம் வகுப்பு. தாத்தாவின் யாஷிகா கேமராவை எடுத்துக்கொண்டு என்னைத் தினமும் நச்சரித்தாய். அந்தக் கப்பலிலிருந்து உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் கரை சேரவே இல்லை, வேடிக்கை பார்க்கிற இடமா அது என்று திட்டினேன். ஆனாலும் கூட்டிப்போனேன். நீ எடுத்த அந்த நெகட்டிவ், கேமரா எல்லாம் அந்தப் பெட்டியில்தான் கட்டிலுக்கு அடியில் இருந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது நீ கோயம்புத்தூரில் இருந்தாய். தண்ணீர் ஐந்தே நிமிடத்தில் ஏறிவிட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

ஐந்து நிமிடம் இல்லை பாப்பா. தண்ணீர் வாசல்படிக்கு வந்து, கட்டில் கால் நனைவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. டி.வி.யை மாடிக்குத் தூக்கினேன். பத்திரம், ரேஷன் கார்டு, அரிசி மூட்டை, பித்தளை அண்டாகூடத் தூக்கினேன். "பாப்பா பெட்டி" என்று அம்மா இரண்டு தடவை கத்தினாள். குனிந்து பார்த்தேன், கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதோடு இந்தக் கிறுக்கும் ஒழியட்டும் என்று நினைத்தேன். நினைத்து, அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது ஃபிலிமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாக இருந்தது. நீ வருவதற்குள் நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அம்மா இத்தனை வருடத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உனக்குத் தெரியும் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போய், கேமராவுக்கு ஈரம் ஏறாமல் வைக்கிற பெட்டி ஒன்று வாங்கினேன். உப்புக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுமாமே, கடைக்காரர் சொன்னார். பரணில் வைத்திருக்கிறேன். முன்னறைக் கட்டிலையும் ஒழித்துப் போட்டாகிவிட்டது.

இன்னொரு தாழ்வுப் பகுதி வருகிறது என்கிறார்கள். முட்டி போடாதே. காற்று நின்றால் வெளியே வராதே. சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் தேட வேண்டாம், கதவைத் தட்டினால் போதும். புயல் நாளில் எனக்குத் தூக்கம் வராது, அந்தக் காலத்து டூட்டிப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
அப்பா