ஈட்டியை வைத்த பிறகு: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ ஈட்டித் துப்பாக்கி வாங்கியிருப்பதையும், விடுமுறையில் நண்பர்களோடு சிட்னியின் தெற்கே க்ரனல்லாப் பக்கம் கடலில் இறங்கப் போவதையும் அக்கா தொலைபேசியில் சொன்னாள். "நீ சொன்னால்தான் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவை" என்றும் கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மூச்சடக்கி இறங்கி, இன்ன மீன், இன்ன அளவு என்று கண்ணால் தேர்ந்து ஒன்றே ஒன்றை எடுத்து வருகிறவன்மேல் எனக்கு மரியாதை உண்டு. கடலடியை வழித்துக்கொண்டு வரும் இழுவலையோடு அவனை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் நீ இறங்கப் போகும் அதே பக்கத்துத் தண்ணீரில் ஈட்டியோடு பழகிய ஒரு பெண்மணியைப் பற்றி நீ அறிந்திருக்க வேண்டும். உன் வயதுப் பிள்ளைகள் வேறு சிலரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

வேலரி டெய்லர் 1935இல் சிட்னியில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது குடும்பம் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பன்னிரண்டு வயதில் போலியோ தாக்கியது. அதிலிருந்து மீண்டு, பள்ளியைப் பாதியில் விட்டு, படக்கதைகளுக்கு ஓவியம் வரைந்து சம்பாதித்தார். சிட்னிக்குத் திரும்பிய பிறகு கடல் அவரைப் பிடித்துக்கொண்டது. க்ரனல்லாவுக்குத் தெற்கே இருக்கிறதே போர்ட் ஹாக்கிங், அங்கேதான் தொடக்கம். ஈட்டி மீன்பிடி கிளப்பில் ரான் டெய்லரைச் சந்தித்தார், 1963இல் திருமணம். 1965இல் தாஹிட்டியில் நடந்த உலகப் போட்டியில் ரான் பட்டம் வென்றார். வேலரி ஆஸ்திரேலியாவின் பெண்கள் சாம்பியன். அந்தக் காலத்தில் ஈட்டியோடு கடலில் இறங்கியவர்களில் இவர்களுக்கு மேல் ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம்.

அன்றைய போட்டி எப்படி நடந்தது என்று தெரிந்துகொள். நேரம் முடிவதற்குள் கரைக்குக் கொண்டுவரும் மீன்களுக்குத்தான் புள்ளி. குத்திய மீன்களைக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டே நீந்துவார்கள். இரத்தம் தண்ணீரில் பரவிக்கொண்டே வரும். 1963 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்காவில் நடந்த போட்டியில் ரோட்னி ஃபாக்ஸ் என்ற வீரரை வெள்ளைச் சுறா நெஞ்சோடு கவ்வியது. அவர் பிழைத்ததே பெரிய காரியம். அதே மனிதர்தான் பின்னாளில் சுறாவைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கான கூண்டை உருவாக்கி, வெள்ளைச் சுறாக்களைக் காக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். நெஞ்சில் பல் பதிந்தவர் பேசும்போது, நீ கரையில் இருந்து பேசுகிறாய் என்று எவரும் வாயை அடைக்க முடியாது அல்லவா.

டெய்லர் தம்பதியின் மாற்றம் ஒரே நாளில் வந்ததில்லை. 1962இல் ரான் கூட்டாக எடுத்த முதல் படங்களில் ஒன்று சுறா வேட்டையைப் பற்றியது. அதைத்தான் தொலைக்காட்சிகள் காசு கொடுத்து வாங்கின. ஆனால் கேமராவுக்கு ஒரு தேவை இருக்கிறது. மீன் உயிரோடு இருக்க வேண்டும், நாளைக்கும் அங்கேயே இருக்க வேண்டும். ரான் தம் கையாலேயே நீர்புகாப் பெட்டி செய்து கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோனவர். ஈட்டியோடு போகிறவன் மீன் தெரிந்த நொடியில் வேலையை முடித்துவிடுகிறான். கேமராவோடு போகிறவன் காத்திருக்கிறான், காத்திருக்கும்போது அது எங்கே உறங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது, யாரோடு சண்டை போடுகிறது என்று தெரிந்துகொள்கிறான். உலகப் பட்டம் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இருவரும் போட்டி வேட்டையை விட்டு விலகினார்கள்.

இந்த இடத்தோடு பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். வேட்டைக்காரி மனம் மாறினாள், ஈட்டியை எறிந்தாள், சுபம். எனக்கு அது போதவில்லை. ஈட்டியைக் கீழே வைப்பதால் ஒரு ஈட்டிதான் குறைகிறது. வேலரியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல நினைப்பது அதற்குப் பின் அவர் செய்த வேலையை. அதற்கு கிரே நர்ஸ் சுறாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று மீட்டர் நீளம் வளரும் சுறா அது. வாயை மூடியிருந்தாலும் வளைந்த ஊசிப் பற்கள் வரிசை தப்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் மனிதரைத் தின்னும் சுறா என்று முத்திரை குத்தினார்கள். உண்மையில் மீனையும் திருக்கையையும் தின்று, பகலெல்லாம் பாறை இடுக்குகளில் மெல்ல மிதந்துகொண்டிருக்கும் சாதுவான பிராணி. சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது, தெரியுமா? இது மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றில் நிறுத்திக்கொண்டு, நீந்தாமலே நடுத் தண்ணீரில் நிற்கிறது. நான் சிட்னியின் மரூப்ராவுக்கு அருகே மேஜிக் பாயின்ட்டில் பார்த்திருக்கிறேன். பாறைக் குடைவின் நிழலில் நாலைந்து சுறாக்கள், வால் அசைவதுகூடத் தெரியாமல் முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தன. ஒன்று என்னைக் கடந்தபோது அதன் சிறிய மஞ்சள் கண் என்மேல் நிலைத்தது, பிறகு தன் போக்கில் போயிற்று. அதன் வாய்க்கோடியில் துருப்பிடித்த தூண்டில் முள் தைத்திருந்தது. அறுந்த தூண்டில் நரம்பில் பாசி படிந்து பின்னால் இழுபட்டது.

இப்படி அசையாமல் நிற்கும் பிராணியைக் கொல்வதற்குத் திறமை எதற்கு? 1950களிலும் 60களிலும் கம்பின் நுனியில் தோட்டா பொருத்திய பவர்ஹெட் என்ற கருவியோடு இறங்கி, ஒரே குடைவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார்கள். கரையில் அவர்களுக்கு வீரர் பட்டம். அந்தச் சுறாவோ மிக மெதுவாகப் பெருகும் இனம். தாய்க்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வளரும் குட்டி தன்னோடு உருவான மற்றவற்றைத் தின்றுவிடும். கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் பிறக்கும். அடுத்த பேறு பொதுவாக இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். ஒரு குடைவைக் காலி செய்ய ஒரு பிற்பகல் போதும். அது மறுபடி நிறைய ஒரு தலைமுறையும் போதாது.

எந்தக் குடைவில் முன்பு எத்தனை இருந்தன என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? அங்கே இறங்கியவர்களுக்கு மட்டும். அதிகாரிக்குத் தெரியாது, ஆய்வாளர்களில் பலர் அப்போது தண்ணீரில் இறங்கியதே இல்லை. வேலரி தமக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போய் நின்றார். பத்திரிகைக்கு எழுதினார், படம் காட்டினார், அமைச்சர்களையும் மீன்வளத் துறையையும் விடாமல் துரத்தினார். சுறாவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒருவர் அன்று கேட்டால் சிரிப்பார்கள். அவரும் அவரைப் போன்ற முக்குளிப்பவர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பலனாக, 1984இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கிரே நர்ஸைக் கொல்வதைச் சட்டத்தால் தடுத்தது. உலகில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் சுறா அதுதான்.

இதற்கு நடுவே, மனிதரைக் கொல்லும் வெள்ளைச் சுறாவைப் பற்றிய ஜாஸ் என்ற ஹாலிவுட் படம் வேறு. அதில் உயிருள்ள வெள்ளைச் சுறா வரும் காட்சிகளைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் கடலில் எடுத்துக் கொடுத்தவர்கள் டெய்லர் தம்பதிதான். சுறா பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிறிய கூண்டும், குள்ளமான சண்டை நடிகரும். ஒரு நாள் காலிக் கூண்டின் கம்பிகளில் சுறா சிக்கிக்கொண்டு உதறிய உதறலைக் கேமரா பிடித்தது. கூண்டில் ஆள் இல்லாத அந்தக் காட்சியை விட மனமில்லாமல், படத்துக்கு மூலமான நாவலில் கூண்டில் இறங்கிச் சாகும் பாத்திரத்தைப் படத்தில் உயிரோடு விட்டார்கள். 1975இல் படம் வெளிவந்தபின் உலகமே கடலில் கால் வைக்கப் பயந்தது. சுறாவைக் கொல்வது வீர விளையாட்டாகிப் போனது. நம் வீட்டில் சுறா என்றால் புட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாக் குழம்பு. அதைப் பேயாக நினைத்து வளர்ந்தவர்கள் இல்லை நாம். அதனால் அந்தப் படம் மேற்கில் கிளப்பிய பீதியின் அளவு நமக்கு உடனே புரிவதில்லை.

பயப்படாதீர்கள், அது வெறும் கதை என்று சொல்ல டெய்லர் தம்பதி அமெரிக்காவுக்கே போய்த் தொலைக்காட்சிகளில் பேசினார்கள். நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியும் பிற்காலத்தில் சுறாக்களுக்காகவே பேசியும் எழுதியும் வந்தார். வேலரி வாயால் பேசியதோடு நிற்கவில்லை. எஃகு வளையங்களால் பின்னிய உடையை அணிந்து, கலிபோர்னியக் கடலில் நீலச் சுறாக்களிடம் தம் கையைத் தாமே நீட்டிக் கடிக்க விட்டார். 1992இல் தென்னாப்பிரிக்காவில் இருவரும் கூண்டு இல்லாமலே வெள்ளைச் சுறாக்களோடு நீந்திப் படம் எடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பவளத்திட்டில் லிசர்ட் தீவுக்கு அருகே காட் ஹோல் என்று ஓர் இடம் இருக்கிறது. பொட்டேட்டோ காட் என்ற பெரிய களவா மீன்கள் அங்கே மனிதரை நெருங்கி வந்து முகத்தைப் பார்க்கும். பயமில்லாத மீனைப் பிடிப்பதைவிட எளிது ஒன்றுமில்லை. ஒரு படகு வந்தால் போதும், அத்தனையும் போய்விடும். அவற்றுக்காகவும் வேலரி குரல் எழுப்பினார். அந்த இடத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ரான் 2012இல் காலமானார். தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளைச் சுற்றிய கடல் பூங்காவுக்கு இன்று அவர்கள் இருவரின் பெயர்.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. கிழக்குக் கரையின் கிரே நர்ஸ் இன்றும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. ஈட்டி நின்றது, தூண்டில் முள்ளும், கடற்கரைகளில் 1937 முதல் போடப்பட்டுவரும் சுறா வலைகளும் நிற்கவில்லை.

உன் க்ரனல்லாவுக்கே வருகிறேன். அங்கே ஓக் பார்க் பக்கம் கஸ் என்று ஊரார் பெயர் வைத்துப் பழகிய நீல க்ரோப்பர் மீன் ஒன்று இருந்தது. நியூ சவுத் வேல்ஸின் மாநில மீன் அது. முக்குளிப்பவர் பின்னாலேயே வரும் குணம் அந்த இனத்துக்கு உண்டு. அதை ஈட்டியால் குத்துவது 1969 முதலே குற்றம். இருந்தும் 2023 டிசம்பர் கடைசியில் ஒருவர் குத்திவிட்டார். ஊரார் கொதித்தார்கள், எழுதினார்கள், கேட்டார்கள். 2024 தொடக்கத்திலேயே, தூண்டிலாலும் அந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று அரசு தடை கொண்டுவந்தது. வேலரி அன்று செய்ததை இன்று ஒரு கடற்கரை ஊரே செய்திருக்கிறது.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். ஈட்டியோடு இறங்கும் ஒவ்வொரு முறையும் கண்ட மீனை, அளவை, இடத்தை, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவை. போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லை என்று உனக்குப் பட்டால், அதை மீன்வளத் துறைக்கும் உன் தொகுதி உறுப்பினருக்கும் எழுது. பதில் வராவிட்டால் மறுபடி எழுது.

இன்னொன்று. உன்னிடம் காற்றுக் குப்பியோடு மூழ்கும் ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறதே, என்னோடு ஒரு நாள் மேஜிக் பாயின்ட்டுக்கு வா. ஈட்டி கரையில் இருக்கட்டும். இந்த மாநிலத்தில் ஸ்கூபாவோடு இறங்கி ஈட்டியால் மீன் பிடிப்பதற்குத் தடை என்பது உனக்கே தெரியும். குடைவின் வாயை மறித்து நிற்கக் கூடாது, துரத்தக் கூடாது, தொடக் கூடாது. கிரே நர்ஸின் உடலில் இருக்கும் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். ஸ்பாட் எ ஷார்க் என்ற திட்டத்துக்கு நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் படங்கள்தான் ஆதாரம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, துடுப்புகளுக்கு இடையில் உள்ள விலாப்பகுதி தெளிவாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். தூண்டில் முள் தைத்திருந்தால் அந்த இடத்தையும் சேர்த்து எடு. படகில் முன்கூட்டியே இடம் சொல்லிவைக்க வேண்டும், எந்தச் சனிக்கிழமை உனக்கு வசதி என்று எழுது.

அன்புடன்,
மாமா