பெரியப்பாவுக்கு: அந்த ‘நாம்’ யார்?

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவை அடக்கம் செய்த அன்று போதகர், இயேசு திரும்பி வரும்போது மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை வாசித்தார். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நான் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். வீடு திரும்பியதும் “இயேசுவின் வருகையில் அவளைப் பார்ப்போம், நீயும் அங்கே இருப்பாய்தானே?” என்று கேட்டீர்கள். துக்க வீட்டில் பதில் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

15ஆம் வசனம், “கர்த்தருடைய வார்த்தையை முன்னிட்டு நாங்கள் உங்களுக்குச் சொல்லுகிறதாவது” என்று தொடங்கி, “கர்த்தருடைய வருகைமட்டும் உயிரோடிருக்கும் நாம்” என்று போகிறது. கிரேக்கத்தில் நாங்களுக்கும் நாமுக்கும் ஒரே சொல்தான். தமிழாக்கியவர்கள் இடமறிந்து பிரித்திருக்கிறார்கள். அந்த ‘நாம்’, கடிதத்தை எழுதிய பவுலும், கி.பி. 50 வாக்கில் அதை வாசிக்கக் கேட்ட தெசலோனிக்கே சபையாரும். ஆண்டவர் வருமுன்னே நம்மவர்கள் இறந்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன என்று கலங்கியவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. சில மரணங்களே அந்தச் சபையை இப்படிக் கலக்கியதென்றால், வருகையை எவ்வளவு அருகில் எதிர்பார்த்திருப்பார்கள்! அந்த ‘நாம்’ முழுவதும் மண்ணுக்குள் போய்ப் பத்தொன்பது நூற்றாண்டுகள் ஆகின்றன.

வருகைக்கு நாள் குறித்த அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22ஆம் தேதி காத்திருந்து ஏமாந்ததை நான் இதற்குச் சான்றாகக் காட்டமாட்டேன். நாள் குறித்தவர்கள் மனிதர்கள். என் சிக்கல் வேத வசனத்தோடுதான்.

மத்தேயு 16:28இல், இங்கே நிற்கிறவர்களில் சிலர் மனுஷகுமாரன் வருவதைக் காணுமுன் மரணத்தை ருசிபார்ப்பதில்லை என்று இயேசுவே சொல்கிறார். அது மறுரூப மலைக் காட்சியை, அதாவது மலைமேல் சீஷர் சிலர் முன் இயேசு ஒளிமயமாக மாறியதைக் குறிக்கிறது என்று ஒருமுறை எனக்கு விளக்கினீர்கள். மலைக்குப் போனது ஆறு நாள் கழித்து. ஆறு நாளில் நடக்கப்போவதற்கு, உங்களில் சிலர் அதுவரை சாகமாட்டீர்கள் என்று யாராவது சொல்வார்களா? முந்தைய வசனத்தில் தூதர்களும் அவனவன் கிரியைக்குத் தக்க பலனும் வருகின்றன; மலையில் அவை இல்லை.

இவையெல்லாம் நடக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று மத்தேயு 24:34இல் இயேசு சொல்கிறார். அங்கே “இந்தச் சந்ததி” என்றால் யூத இனம் என்கிறார்கள். அதே கிரேக்கச் சொல், கெனேயா, மத்தேயுவின் முதல் அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில் ‘தலைமுறை’ என்று தமிழாகியிருக்கிறது. ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினாலு தலைமுறைகள். அங்கே பொருளில் யாருக்கும் குழப்பம் இல்லையே.

கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒருநாள்போல என்ற 2 பேதுரு 3:8 வசனம்தான் உங்களுக்குத் துணை. அதற்குச் சற்று முன்பே, பிதாக்கள் நித்திரையடைந்துவிட்டார்களே, வாக்குத்தத்தம் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். கெடு கடந்த பிறகு, அந்தக் கேள்விக்காக எழுதப்பட்ட பதிலாகவே எனக்கு அது படுகிறது. கேட்டவர்களை அந்த நிருபம் பரியாசக்காரர் என்கிறது. நான் பரியாசம் செய்யவில்லை, பெரியப்பா. பெரியம்மாவை மறுபடி பார்க்கக் கிடைக்குமென்றால் உங்களுக்கு முன்னே நான் ஓடுவேன். ஆசைப்படுகிறேன் என்பதற்காக நம்புகிறேன் என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருகிறேன். பெரியம்மாவின் வேதாகமத்தை எடுத்துவையுங்கள். அந்த 15ஆம் வசனத்தை இருவரும் சேர்ந்து வாசிப்போம்.

உங்கள் அன்பு மகன்