ஆற்றங்கரையிலிருந்து சதுப்பு நிலத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னை மாநகராட்சியின் முன்னேற்பாடுகள் பற்றிய செய்திகளில் மோட்டார் பம்புகள் எத்தனை, படகுகள் எத்தனை, தூர்வாரிய கால்வாய்கள் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்குகள் தவறாமல் இடம்பெறுகின்றன. யாரை எந்த இடத்தில் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறோம் என்ற கணக்கு மட்டும் அவற்றில் வருவதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் வேலை செய்த அம்மாள் ஒருவர் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவர் குடும்பத்துக்கு நகரின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு ஒதுக்கப்பட்டது. விடியுமுன் பேருந்து பிடித்தால்தான் வேலைக்கு வர முடியும் என்ற நிலையில், சில மாதங்களிலேயே அவர் நின்றுவிட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தொலைபேசியில் நலம் விசாரித்தேன். லிப்ட் நின்றுபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. கீழே மோட்டார் அறை மூழ்கிவிட்டதால் குழாயிலும் தண்ணீர் இல்லை. சுற்றிலும் இடுப்பளவு வெள்ளம் நிற்க, அவர் மகன் குடிதண்ணீர் கேனைத் தோளில் வைத்துப் படியேறிக்கொண்டிருந்தான். "கரையில இருந்தப்போ தண்ணி வந்தா ரெண்டு நாள்ல வடிஞ்சிரும் சார், இங்க போக வழியில்லாம நிக்குது" என்றார் அவர்.

பொறியாளர்களின் அறிக்கைகள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீரோடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, பிறகு கோவளத்தில் கடலை அடைகிறது. அந்தச் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருக்கும் சுமார் 1,248 எக்டேர் பரப்புக்கு 2022-இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் 2000-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் குடிசைவாசிகளுக்காக அடுத்தடுத்து எழுப்பப்பட்ட கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று பெரிய குடியிருப்புகளும் அதே நீர்வழியை ஒட்டித்தான் இருக்கின்றன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள் நீர் வந்து தேங்கும் இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அதே அடையாற்றங்கரையில் நிற்கும் பெரிய கட்டடங்களில் இருப்பவர்கள் யாரும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் பட்டியல் சாதியினர். ஊருக்கு வெளியே, பள்ளத்தில் சேரி என்ற பழைய கிராம அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்த வரைபடம் புதிதாகத் தோன்றாது. ஆகவே இதை வெறும் வடிகால் பிரச்சினை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உள்ளாட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 74-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணை, நகராட்சி அமைப்புகளுக்கு ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பணிகளைச் சொல்கிறது. அதில் எட்டாவது சுற்றுச்சூழல் பாதுகாப்பு, ஒன்பதாவது நலிந்த பிரிவினரின் நலன், பத்தாவது குடிசைப் பகுதி மேம்பாடு. அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் இந்த மூன்றும் நடைமுறையில் வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. மறுகுடியமர்வுக்கு இடம் தேர்ந்து வீடு கட்டுவது, 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அது மாநில அரசின் அமைப்பு. கண்ணகி நகர் தொடங்கியபோது, அது அமைந்திருக்கும் ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சியாகத்தான் இருந்தது. 2011-இல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது. பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பியபோது அதுவும் ஓர் ஊராட்சியே. அகற்றியது ஒரு நிர்வாகம், கட்டியது இன்னொன்று, குப்பை அள்ளித் தெருவிளக்குப் போட வேண்டியது மூன்றாவது. வெள்ளம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

மாநகராட்சி 2023-இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் குடிசைப் பகுதி மக்களே வெள்ளத்தின் பாதிப்புக்கு அதிகம் உள்ளாகிறவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறது. அப்படியானால், இனி எந்தக் குடியிருப்பை அகற்றுவதற்கு முன்பும், மக்கள் போகவிருக்கும் இடத்தில் 2015-இலும் 2023-இலும் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதை மாநகராட்சி மன்றத்தில் வைத்து விவாதிக்கச் செய்யலாமே. வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசுவதற்காக 2022 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட பகுதி சபைகள் குப்பைத் தொட்டி, தெருவிளக்கு பற்றி மனு வாங்கும் கூட்டங்களாகச் சுருங்கிவிடாமல், இடம்பெயர்வு பற்றியும் தீர்மானம் போடும் அதிகாரம் பெற வேண்டும். மழைநீர் வடிகாலுக்கு எந்த வார்டில் எவ்வளவு செலவானது, அந்த வார்டில் வசிப்போர் யார் என்ற இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டால், யாருக்கு முதலில் வடிகால் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நகருக்குள் இடமில்லை என்பார்கள். நொச்சிக்குப்பத்தில் மீனவர்களின் பழைய அடுக்குமாடி வீடுகளை அதே கடற்கரையில் மீண்டும் கட்டிக்கொடுக்க முடிந்திருக்கிறது. 1970-இல் வாரியம் தொடங்கியபோதே, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பதுதான் அதன் வழி. இருக்கும் இடத்திலேயே கட்டினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் வாரியம் கட்டிய புது வீட்டின் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை 2021-இல் எல்லோரும் பார்த்தோம்.

1688-இல் தொடங்கிய இந்த மாநகராட்சிக்கு 2022-இல்தான் முதன்முறையாகப் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மேயரானார். அந்த இருக்கைக்கு, குடியமர்த்தும் இடத்தை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் தரும் வகையில் மாநில அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரைக்குமாவது, பெரும்பாக்கத்தின் மோட்டார் அறைகளை இந்த மழைக்கு முன் வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை