டோங்குவான் போகும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

சீனாவின் டோங்குவான் நகர ஷூ ஆலைகளில் தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்யப் போகிறாய். அங்கே உன் முன்னால் வைக்கப்போகும் தாள்களில் சம்பளச் சீட்டுதான் முக்கியம். கைக்கு வந்த தொகையைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடாதே. ஓய்வூதியப் பிடித்தம் என்று ஓர் இடம் இருக்கும், அதில் நில். 2014 ஏப்ரலில் டோங்குவான் யூ யுவன் ஷூ ஆலையில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையை நிறுத்தியது அந்தப் பிடித்தத்துக்காகத்தான். (அதன் தாய் நிறுவனமான தைவானின் போ சென் குழுமம்தான் 2023இல் நம் உளுந்தூர்பேட்டையில் ஆலை போட ஒப்பந்தம் செய்தது.)

ஓய்வு வயதை நெருங்கியவர்கள் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சட்டப்படி ஓவர்டைம், போனஸ் எல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியப் பணம் கட்ட வேண்டும். நிறுவனம் அதைவிடக் குறைந்த தொகையைச் சம்பளமாகக் காட்டிக் கட்டி வந்திருக்கிறது. பேசிக்கைக் குறைத்து பி.எஃப். குறைக்கும் நம் ஊர்க் கணக்கு உனக்குத் தெரியுமே, அதன் உடன்பிறப்பு இது.

கணக்குப் போட்டுப் பார். அடிப்படைச் சம்பளம் 1,740 யுவான் என்று வை. மாதத்துக்கு 21.75 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 174 மணி. மணிக்கு 10 யுவான். வார நாள் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, வார விடுமுறை நாளுக்கு இரண்டு மடங்கு, அரசு விடுமுறைக்கு மூன்று மடங்கு. வார நாளில் 40 மணி, சனிக்கிழமைகளில் 32 மணி கூடுதலாக உழைத்தால் 600ம் 640ம் சேர்ந்து 2,980 வரும். (மாதத்துக்கு 36 மணிக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்பது சட்டம். இந்த 72 மணியே அதை மீறியதுதான். வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.) தொழிலாளியின் ஓய்வூதியப் பங்கு 8 சதவீதம். 2,980க்கு 238.40 யுவான் பிடிக்க வேண்டும். 1,740க்குப் பிடித்தால் 139.20தான். மாதம் 99.20 குறைகிறது, நிறுவனம் தன் பங்கில் மிச்சம் பிடிப்பது தனி.

இங்கேதான் கவனி. பிடித்தம் குறைந்தால் இருபது வயதுப் பிள்ளைக்குக் கையில் 99 யுவான் கூட வருகிறது, அதனால் அவன் குறை சொல்ல மாட்டான். ‘இன்ஷூரன்ஸ் வேண்டாம்’ (ஓய்வூதியமும் அதில்தான் அடக்கம்) என்று எழுதிக்கூடக் கொடுத்திருப்பான். அப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று சீன உச்ச நீதிமன்றத்தின் விளக்கம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கோப்பில் அந்தத் தாளைக் கண்டால் அதையே குறையாக எழுது. யூ யுவனில் பழைய பாக்கியைக் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகும் பலர் தயங்கினார்கள். காரணம், தொழிலாளியும் தன் 8 சதவீதப் பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும். பத்து வருஷப் பாக்கியைக் கூட்டிப் பார், ஏன் என்று புரியும்.

இன்னொரு முடிச்சு குடும்பப் பதிவு, அவர்கள் ஹுகோவ் என்பது. 1958லிருந்து ஆளைப் பிறந்த ஊரோடு கட்டிப்போட்ட பதிவு அது. ஹுனான் மாகாணத்திலிருந்து வந்தவர் டோங்குவான் இருக்கும் குவாங்டோங் மாகாணத்தில் பத்து வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பினால், 2010க்கு முன் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நிறுவனத்தின் பங்கு அந்த நகரத்திலேயே நின்றுவிடும். சீனப் புத்தாண்டுக்கு முன் அப்படிக் கணக்கை முடிக்கக் கூட்டம் வரிசையில் நிற்கும். 2010லிருந்து கணக்கை மாற்றிக்கொள்ளலாம், ஆனாலும் நிறுவனப் பங்கு முழுதாகப் போவதில்லை. ஓய்வூதியம் பெற 15 வருஷம் கட்டியிருக்க வேண்டும். 2030லிருந்து அது படிப்படியாக 20 ஆகிறது. நடுவில் விட்டுப்போன வருஷங்கள் எவ்வளவு வலிக்கும் என்று பார்த்துக்கொள்.

தகராறு வந்தால் முதலில் நடுவர் மன்றம், அதற்கு ஒரு வருஷக் கெடு. பிறகு நீதிமன்றம். அங்கே நிறுவனம் வைக்கும் முதல் வாதம், ‘இவர் எங்கள் ஆளே இல்லை’. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் எழுத்து ஒப்பந்தம் தராவிட்டால் இரட்டைச் சம்பளம் என்று 2008 சட்டம் சொல்கிறது. ஒப்பந்தமே இல்லாதவருக்கு ஆலை அடையாள அட்டை, வருகைப் பதிவு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, கூட வேலை செய்தவரின் சாட்சியம், இவைதான் துணை. வேலையை விடும்போது அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று கேள். நகல்கூட இல்லாமல் வெளியே போகிறவருக்கு வழக்கு பாதி போன மாதிரி.

வேலைநிறுத்த உரிமையை 1982இல் எழுதிய அரசியலமைப்பில் எடுத்துவிட்டார்கள். சங்கம் ஒன்றே ஒன்றுதான், அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. ஆலைக் கிளைத் தலைவர் பல இடங்களில் மேலாளராகவே இருப்பார். 2010இல் ஃபோஷான் ஹோண்டா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களோடு கைகலப்பில் இறங்கியதே உள்ளூர்ச் சங்க ஆட்கள். அதனால் ‘பிரதிநிதியை அனுப்புங்கள்’ என்றால் யாரும் முன்வரமாட்டார்கள். முன்வந்தவர்தான் முதலில் மாட்டுவார். யூ யுவன் தொழிலாளிகளுக்கு உதவப்போன தொழிலாளர் உரிமை ஆர்வலர்கள் ஜாங் ஜிரு, லின் டோங் இருவரையும் பிடித்துவைத்தார்கள். லின் டோங் வெளியே வர ஒரு மாதம் ஆனது.

எனவே நேர்காணலை மேலாளர் ஒதுக்கும் அறையில் வைக்காதே, அவர் தரும் பெயர்ப் பட்டியலையும் எடுக்காதே. ஆலைப் பெண்களின் ஓய்வு வயது 50ஆக இருந்து 2025லிருந்து மெல்ல ஏறுகிறது. ஆகவே 45 தாண்டிய பெண்களிடம் முதலில் பேசு. எத்தனை வருஷம் வேலை, கணக்கில் எத்தனை வருஷம், இந்த இரண்டையும் கேள். உன் குறிப்பேட்டில் அவர்கள் பெயரோ தையல் வரிசை எண்ணோ இருக்கக் கூடாது.

அன்புடன்,
அப்பா