பக்கத்து விண்மீனைப் பார்க்க ஒரு தொலைநோக்கி: நன்கொடை வேண்டுகோள்

தோட்டத்து மக்களுக்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஹப்புத்தளை மலைவிளிம்பில் நின்று தெற்கே பார்த்தால் கண்ணை மறிக்க ஒன்றுமில்லை. ஜூன் கடைசி, ஜூலையில் இரவு எட்டு மணிக்கு மேகம் விலகினால், திரிசங்கு என்ற சிலுவை வடிவ விண்மீன் கூட்டத்துக்கு இடப்பக்கம் இரண்டு விண்மீன்கள் பளிச்சென்று தெரியும். அவற்றில் இடது ஓரத்தில் இருப்பது அல்பா சென்டாரி. நம் சூரியனின் ஜாடைதான், 4.37 ஒளியாண்டு தூரம் (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு). அது ஒன்றல்ல, இரண்டு என்று 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளி பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் கண்டுபிடித்தார். அந்த இரண்டையும் சின்னத் தொலைநோக்கியே பிரித்துக் காட்டிவிடும்.

சிக்கல் அந்த இரண்டுக்கும் துணையான மூன்றாவது ஆளிடம். பெயர் புரொக்சிமா. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அதுதான், 4.24 ஒளியாண்டு. பிள்ளை தரம் ஆறில் இருந்தபோது கிளம்பிய ஒளி தரம் பத்தில் வந்து சேர்கிறது. இவ்வளவு கிட்ட இருந்தும் 1915 வரை யார் கண்ணிலும் படவில்லை. வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மங்கல். அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 2016இல் தெரியவந்தது.

"விலை குறைந்த 60 மில்லிமீட்டர் அகலத் தொலைநோக்கி போதாதா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சனியின் வளையத்துக்கு அது போதும். புரொக்சிமாவுக்கு உருப்பெருக்கம் உதவாது, ஒளியை அள்ளும் அகலம்தான் வேண்டும். (பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடித்து விற்பதை நம்பாதீர்கள்.) நாங்கள் வாங்க நினைக்கும் தொலைநோக்கியின் 8 அங்குல ஆடி அந்த 60 மில்லிமீட்டரைவிடப் பதினொரு மடங்கு ஒளி சேர்க்கும். அப்படியும் புரொக்சிமா ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரியும். வரைபடத்தை வைத்து, அல்பா சென்டாரியிலிருந்து நான்கு முழுநிலா அகலம் தள்ளித் தேட வேண்டும். அந்தத் தேடலைப் பிள்ளைகளே செய்யட்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

தாங்கியை நம் மரவேலை பாஸ் கூலி வாங்காமல் செய்து தருகிறார். குழாய், ஆடி, கண்வில்லைகள், அப்புறம் ஆடியில் பூஞ்சணம் பிடிக்காமல் உலர்வாக வைக்க ஓர் அலுமாரி, காற்றுக்கு ஒரு தடுப்புச் சுவர் எல்லாம் சேர்த்து 3 இலட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பனிமூட்டம் பற்றித் தெரிந்தவர்கள் அலுமாரியை வீண்செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

நூறு ரூபாயானாலும் சரி, பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் அனுப்பலாம். வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
தொலைநோக்கிக் குழுவினர்